மாப்பிள்ளை கழற்றிய போல்ட்டு

எங்கள் வீட்டு மோட்டார் கார் மாட்டுத் தொழுவத்தில்தான் நின்றது. ராஜபாளையத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் எல்லாரும் காருக்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். என் அப்பா மட்டும், இரண்டு வண்டி மாடுகளுக்கு இவ்வளவு பெரிய தொழுவம் எதற்கு என்று கேட்டு, அதில் ஓர் ஓரத்தைக் காருக்கு ஒதுக்கிவிட்டார். மலைத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. அப்பா பருத்தி வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் பருத்திக் கொட்டையைப் பிரித்துப் பஞ்சு எடுக்கும் கொட்டகை, கடைத்தெருவில் கடை, இரண்டுக்கும் நடுவில் வீடு. அவர் போக வேண்டிய இடமெல்லாம் நடக்கிற தூரத்திலேயே இருந்தது. பின்னே கார் எதற்கு என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளைக்கு" என்று சொல்வார்.

மாப்பிள்ளை என்பது என் வீட்டுக்காரர். அவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இந்த வயதில் புதிதாக ஆரம்பிப்பதாகவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, அண்ணன் தயவிலும் ஹாஸ்டல் சாப்பாட்டிலும் பி.ஏ. வரைக்கும் படித்தவர். நான் எங்கள் வீட்டுக்கு ஒரே மகள். கல்யாணம் முடிந்ததும், பஸ் ஏறினால் அரை மணியில் போய்ச் சேருகிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மகளை அனுப்ப மனசு வராமல், அப்பா மாப்பிள்ளையையே இங்கே வரவழைத்துக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். அந்தப் பேச்சின் நிழல்கூட அவர் மேல் விழக்கூடாது என்று அப்பா தீர்மானித்து, அவருக்கு மரியாதை செய்ய ஆரம்பித்தார்.

அந்த மரியாதை ஒரு மனிதர் தாங்கக்கூடியதாக இல்லை. சாப்பாட்டில் முதல் இலை அவருக்கு. அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அப்பா உட்காருவார். கிணற்றடியில் அவர் வாளியைத் தொட்டால் எங்கிருந்தோ ஆள் ஓடிவந்து வாங்கிக்கொள்ளும். கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் உட்காருவதுதான் வேலை. ஒருநாள் தராசைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று எழுந்தாராம். "நீங்க இருங்க மாப்பிள்ளை, கையெல்லாம் தூசியாயிரும்" என்று அப்பா உட்கார வைத்துவிட்டாராம். அவர் என்ன சொன்னாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான், "மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." பருத்தி விலை ஏறும் என்று சொன்னாலும் அதுதான், இறங்கும் என்று சொன்னாலும் அதுதான்.

அம்மா அவர் முன்னால் வருவதே இல்லை. மருமகன் எதிரில் மாமியார் நிற்பதோ நேருக்கு நேர் பேசுவதோ எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடம் சொல்வாள், நான் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வாள். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்கிடச் சொல்லுட்டி" என்பாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்லும்வரை அவர் இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அவரைச் சரிசமமாக நடத்தியது எங்கள் வெள்ளை நாய் ஒன்றுதான். தினம் காலையில் அவரைப் பார்த்துக் குரைக்கும்.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்திய தை மாதம் அது. தொழுவத்தில் நிற்பதெல்லாம் மாட்டுப் பொங்கலன்று குளித்தாக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வேலையாளின் கொள்கை. காரைக் குளிப்பாட்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. குளிப்பாட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லை. மாடுகளைத் தேய்த்துக் கழுவிக் கொம்புக்கு வர்ணம் பூசி முடித்தவர், அதே வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு காரிடம் வந்தார். வெளியே தேய்த்தார். பானெட்டைத் தூக்கிவிட்டு உள்ளேயும் தேய்த்தார். என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடி பித்தளை மாதிரி இருந்ததால் அதை எடுத்துப் புளி போட்டு விளக்கினார். மூடி ஒரு பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் திறந்த என்ஜின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு சந்தனம் குங்குமம் வைத்து, முன்விளக்குகளுக்கு நடுவே மாலை கட்டி, மாடுகளுக்கு வைத்தது போலவே காருக்கும் ஒரு இலையில் பொங்கல் வைத்தார். அதை நாய் சாப்பிட்டது.

மறுநாள் என் வீட்டுக்காரர் என்னைக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. எங்கள் தெருவில் வத்திராயிருப்பு பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் இருந்தார். வண்டி எடுக்குமுன் அவரை ஒரு தடவை பார்க்கச் சொல்வது அப்பாவின் வழக்கம். அவர் வந்து, என்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பாக வர வேண்டிய எண்ணெய் மோர்க்குழம்பு நிறத்தில் வந்தது. அவர் அதை விரலில் தொட்டு, மோந்து பார்த்து, மாலையையும் சந்தனத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள தண்ணி எறங்கியிருக்கு முதலாளி. இத வெச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுனா என்ஜின் காலி. அடியில ஒரு போல்ட்டு இருக்கு. அதக் கழட்டி அம்புட்டு எண்ணெயும் வடிச்சிட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி அலசிட்டு, புது எண்ணெய் ஊத்தணும். செத்த நேரத்து வேல. சாயங்காலம் வந்து நான் செஞ்சு தாரேன்."

"வேண்டாம். அத நானே கழட்டுதேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை மண்ணில் படுத்துக் கையில் எண்ணெய் பட வேலை செய்வதா? ஆனால் வேண்டாம் என்று சொல்வது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். நாலைந்து தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து விஷயத்தைச் சொன்னார். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் வேலைக்கு அவருடைய கூடப்படித்தவர் சொல்லி வைத்திருந்தாராம். மாசி பிறந்ததும் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மூணு வருஷமா இந்த வீட்டுல விருந்தாளியா இருக்கேன். விருந்துக்கு வந்தவன் எம்புட்டு நாள்தான் இருக்க முடியும்? இந்த வண்டிய என் கையால ஓட வெச்சிட்டேன்னா, எனக்கும் இங்க ஒரு வேல இருக்குன்னு இருந்துருதேன். இல்லேன்னா மாசி ஒண்ணாந்தேதி தூத்துக்குடிக்குப் போயிருவோம்" என்றார்.

கடல் பார்க்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அம்மாவை விட்டுவிட்டு நான் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் பொய் என்று எதை எடுத்துக் காட்டுவது? மூன்று வருஷமாக அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். துணிகளை மடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோணிச் சாக்கை விரித்து, காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். இரண்டு மாடுகளும் தலையைத் திருப்பிப் பார்த்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். என்ஜினுக்கு அடியில், அவர் முகத்துக்கு நேரே, ஆறு மூலையோடு ஒரு போல்ட்டுத் தலை தெரிந்தது. அவர் ஸ்பானரை மாட்டினார், மூச்சைப் பிடித்தார், வலப்பக்கமாகத் திருப்பினார்.

"என்னங்க, எதத் தெறக்குறதுன்னாலும் இடப்பக்கமாத்தான திருப்புவோம்?" என்றேன்.

"நீ நேரா நின்னுக்கிட்டுத் தெறக்கே. நான் மல்லாக்கப் படுத்துருக்கேன். மேல இருந்து பாத்தா இடதா இருக்கது, கீழ இருந்து பாத்தா வலதாயிரும். கண்ணாடியில பாக்குதேல்லா, அந்த மாதிரி."

"மல்லாக்கப் படுத்தா கை மாறிருமா?"

"ஏட்டி, இது சயன்ஸு."

சயன்ஸ் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். "அப்போ தெனமும் மல்லாக்கத்தான படுக்கீங்க, எந்தக் கையால போர்வைய இழுக்கீங்க?" என்று கேட்டேன். பதிலுக்கு ஸ்பானர் சத்தம்தான் வந்தது. கட்டின மனைவி சொல்லிக் கேட்கிற வழக்கம் பி.ஏ.வில் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

நடுவில் ஒரு தடவை 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. "அசையுது! அசையுது!" என்று உள்ளேயிருந்து கத்தினார். அசைந்தது வாஸ்தவம்தான். இறுகுகிற போல்ட்டும் கொஞ்சம் அசைந்துதானே இறுகும். அந்த ஒரு சத்தத்தை நம்பி அவர் அன்று முழுக்க முறுக்கினார். சாயங்காலம் எழுந்து வந்தபோது தோளைத் தூக்க முடியவில்லை, முகத்தில் மட்டும் மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிச்சி இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவரைக் கேலி செய்யவும் எனக்கு மனசு முழுசாக வரவில்லை. பாதி மனசோடு செய்தேன்.

தூத்துக்குடி விஷயத்தை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அதுதான் வினையாகிவிட்டது.

அப்பாவுக்குத் திருகு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சுப் பொதியை அமுக்குகிற பெரிய இரும்புத் திருகோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர். மறுநாள் தொழுவத்துக்கு வந்து குனிந்து பார்த்தார். பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.

"அவரு கெளம்புற மனசுல இருக்காரு. இந்த நேரத்துல போயி, நீங்க திருப்புதது தப்புன்னு சொன்னா, நாளைக்கே பொட்டியத் தூக்கிருவாரு. யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது" என்று எங்களுக்கு உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. அப்பா தினம் காலையில் கடைக்குப் போகுமுன் தொழுவத்துக்கு வந்து, "அருமையாத் திருப்புதீய மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அந்த உற்சாகத்தில் இன்னும் ஒரு நூல் முறுக்கினார். மாப்பிள்ளை ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அப்பா பயப்படப் பயப்பட, போல்ட்டு இறுகிக்கொண்டே போனது. என் தலைவிதி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நடுவில் நான்.

டிரைவர் ஒருநாள் டூட்டி முடிந்து வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். டிரைவர் நல்ல மனிதர். நேராகச் சொல்லாமல் கதையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

"எங்க ஷெட்டுலயும் ஒருத்தன் இப்பிடித்தான் சாமி. போல்ட்டக் கழட்டுதேன் கழட்டுதேன்னு, அது கழறுத பக்கத்த விட்டுட்டு எதுத்த பக்கமாவே முறுக்கிக்கிட்டுக் கெடந்தான்..."

அப்பா இருமினார்.

"பொறவு?" என்று காருக்கு அடியிலிருந்து ஆவலாகக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

டிரைவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "பொறவு என்ன, கழண்டுருச்சு" என்று முடித்துவிட்டார்.

"பாத்தீயளா மாமா!" என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மாவுக்கு அவள் வழி. முதலில், முரண்டு பிடிக்கிற எதுவும் விளக்கெண்ணெய்க்கு இளகும் என்று சொல்லி, ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயை என்னிடம் கொடுத்தனுப்பினாள். சின்ன வயதில் என் வயிறு அதற்கு இளகியதுண்டு. போல்ட்டு இளகவில்லை. பிறகு இன்னொரு யோசனை செய்தாள். பிரயாணத்துக்குக் கொண்டுபோகிற பித்தளைத் திருகு கூஜாவில் தண்ணீர் நிரப்பி, மூடியைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கி மூடி, "அவியளுக்குக் குடு. நீ தெறந்து குடுத்துராத" என்றாள். அவரே மூடியைத் திறக்கும்போது, திறக்கிற பக்கம் எது என்று கைக்குத் தெரியுமாம், அதிலிருந்து புத்திக்கு ஏறுமாம். அவர் காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார், இடப்பக்கமாகத் திருப்பி மூடியைத் திறந்தார், கடகடவென்று குடித்தார், வலப்பக்கமாகத் திருப்பி மூடினார், "தண்ணி நல்லாக் குளுந்துருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்து, போல்ட்டை வலப்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். கதவுக்குப் பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

தினம் ஒரு தடவை நானும் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அவர் யார் சொன்னால் கேட்பாரோ அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னால், "மாமாவே நல்லாத் திருப்புதேன்னு சொல்லுதாரு, உனக்கு என்ன?" என்று கேட்பார். எங்கள் அப்பாவின் மரியாதையை வைத்தே என் வாயை அடைத்துவிடுவார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது. அவரவர் நல்லவராக இருக்கிற வேகத்தில் என்னைத் தூத்துக்குடியில் கொண்டுபோய்ப் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை முடியப் போனது. போல்ட்டின் மூலைகள் மழுங்க ஆரம்பித்திருந்தன. அவருடைய முகத்திலிருந்த தெளிச்சியும் போய்விட்டது. ஒருநாள் என்னிடம், "என் துணியையெல்லாம் ஒரு பக்கமா எடுத்து வையி" என்று மெதுவாகச் சொன்னார். எடுத்து வைத்தேன். என் சேலைகளையும் அதோடு வைத்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் புகை இல்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாசி பிறக்கிறது என்ற நிலையில், காலையில் அவர் கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்றார். பஞ்சுக் கொட்டகையிலிருந்து ஒரு நீள இரும்புக் குழாயை எடுத்துவந்து ஸ்பானரின் காம்பில் சொருகினார். காம்பு நீளமானால் பலம் கூடும். அந்தச் சயன்ஸ் சரியாகத்தான் இருந்தது. போல்ட்டின் தலையில் ஸ்பானர் நழுவாமல் அவர் அடியில் படுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே ஒருவர் குழாயை இழுக்க வேண்டும். வேலையாள் மாடுகளுக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தார். அப்பா தானே வந்து குழாயைப் பிடித்தார்.

"மாடு நிக்கிற பக்கமா இழுங்க மாமா" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

மாடு நிற்கிற பக்கம் இழுத்தால் இறுகும். எதிரில் சுவர்ப் பக்கம் இழுத்தால் கழலும். இது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கும் தெரியும். அப்பா ஒருமுறை சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு மாடு நிற்கிற பக்கமாகவே இழுத்தார்.

"இன்னும் பலமா மாமா!"

அப்பா காலை ஊன்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்தார். மழுங்கிய போல்ட்டிலிருந்து ஸ்பானர் வழுக்கியது. குழாய் விடுபட்டது. அப்பாவின் கை போன வேகத்தில் கார்ச் சக்கரத்தின் இரும்பில் போய் அடித்தது. விரல் முட்டியெல்லாம் தோல் பிய்ந்து ரத்தம் வந்துவிட்டது.

"ஏலே! கூறுகெட்ட பயலே!" என்று அப்பா போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "இம்புட்டு நாளா முறுக்கிக்கிட்டுக் கெடக்கியே, கழட்டுத பக்கம் எதுன்னுகூடத் தெரியாதாலே ஒனக்கு? செவத்துப் பக்கமாத் திருப்புலே!"

கதவுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அப்பாவின் முகம் வெளிறிப் போனது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், அடிபட்ட கை என்பதால் பாதியில் இறக்கிவிட்டார். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் இரண்டு கால்களும் அசையாமல் கிடந்தன. எனக்குத் தூத்துக்குடி பஸ் கண்முன்னால் வந்து நின்றுவிட்டது.

அடியிலிருந்து குரல் வந்தது. "செவத்துப் பக்கமா?"

"ஆ... ஆமா மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"சரி. பிடிச்சிட்டேன். இழுங்க."

அப்பா குழாயை மறுபடி மாட்டி, அடிபட்ட கையோடு சுவர்ப் பக்கமாக இழுத்தார். முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் இரும்பு அலறியது. அத்தனை நாள் முறுக்கிய முறுக்கு ஆயிற்றே, லேசில் விடுமா? மூன்றாவது இழுப்பில் குழாய் சுவரில் போய் இடித்து நின்றது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கையாலேயே சுற்ற ஆரம்பித்தார். போல்ட்டு வெளியே வந்தது. அடுத்த நொடி மோர்க்குழம்பு நிறத்து எண்ணெய் அத்தனையும் அவர் முகத்தில் கொட்டியது.

அப்பா அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. மேல்துண்டைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று கடையைப் பார்க்க நடந்துவிட்டார். மாப்பிள்ளையை எப்படி முகத்துக்கு நேரே பார்ப்பது என்ற பயம்தான்.

அப்போது அம்மா செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நேராகத் தொழுவத்துக்கு வந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து நின்ற மருமகனின் முன்னால் நின்றாள். "அவிய வேணும்னு சொல்லல. கை வலியில வாயில வந்துருச்சு. மனசுல வெச்சுக்கிடாதீங்க" என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கிடல அத்தை. மண்ணெண்ணெய் எங்க இருக்கு? உள்ள ஊத்தி அலசணும்" என்றார் அவர். அம்மா டின்னை எடுக்க ஓடினாள்.

நான் என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். அந்தச் சேலை அதோடு போயிற்று. துடைத்தபோதுதான் அவர் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"கோவமா?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா போன பொறவு என்னைய யாரும் ஏலேன்னு கூப்பிட்டதில்ல" என்றார். "அண்ணன் வீட்டுல நான் தம்பி. ஹாஸ்டல்ல மிஸ்டர். இங்க வந்தா மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, முழங்கையால் கண்ணைத் துடைத்தார். முழங்கையிலும் எண்ணெய். வேறு நேரமாக இருந்தால் அதற்கு நான் ஒரு வாரம் கேலி செய்திருப்பேன். அன்று எனக்கு அழுகைதான் வந்தது, நின்று அழுதேன்.

அப்பா கடைக்குப் போனாரே தவிர, சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார். முன்வாசல் பக்கம் வராமல் பஞ்சுக் கொட்டகை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் என்ஜினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி அலச ஆரம்பித்திருந்தார். எண்ணெய் பிடிக்கக் கீழே வைத்திருந்த தகரம் நிரம்பிவிட்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"மாப்பிள்ளை" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. "தூத்துக்குடிக்கு... எப்பக் கெளம்புதீய?"

"நான் போகல மாமா."

அப்பா நம்பவில்லை. "காலையில நான் பேசுனது..."

"அதத்தான் சொல்லுதேன். இன்னொரு தடவ அந்த மாதிரிக் கூப்பிடுங்க."

"எந்த மாதிரி?"

"காலையில கூப்பிட்டீயள்லா, அந்த மாதிரி."

அப்பா என்னைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் அம்மா இல்லை, முன்னாலேயே நின்றாள். அப்பா தொண்டையைச் செருமினார், உதட்டைக் குவித்தார், முகமெல்லாம் சிவந்தது. ஒன்றும் வரவில்லை.

"முடியாது மாப்பிள்ளை. கோவம் வந்தாத்தான் வரும்" என்று பரிதாபமாகச் சொன்னார்.

சொல்லிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் அப்போதுதான் அது பட்டது. தகரத்திலிருந்து வழிந்த எண்ணெயும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மாடுகளின் காலடிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு மாடு காலை வைத்து வழுக்கி, தடுமாறி நின்றது.

"ஏலே, பாத்துக்கிட்டா நிக்கே!" என்று அப்பா கத்தினார். "மாடு விழுந்து காலை ஒடிச்சுக்கிடும்லே! போயி அடுப்படியில இருந்து சாம்பல அள்ளிட்டு வா!"

மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர் அவருக்குச் சொன்ன முதல் வேலை அது. "இந்தா வாரேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே, எண்ணெய்க் காலோடு அவர் அடுப்படிக்கு ஓடினார்.